முளைக்காத பல்லும் குறைந்த அதிமதுரமும்

நாட்டு மருந்துக் கடை வைத்திருப்பவன் முதல் வருஷம் சரக்கைச் சந்தேகப்படக் கற்றுக்கொள்கிறான். அடுத்த வருஷம் வாங்க வருகிறவனை. அதற்கடுத்த வருஷம் சொந்த வீட்டாரை. ராஜபாளையத்தில் நான் கடை போட்டு ஆறு வருஷம் ஆனபோது எங்கள் பெண் குழந்தைக்குப் பல் முளைக்கிற காலம் வந்தது. நான் எந்த நிலையில் இருந்திருப்பேன் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் அப்படி ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு இதைப் படிக்கிறவர்களே, நான் ஆறுதல் சொல்ல வரவில்லை. கூட ஒருத்தன் பட்டிருக்கிறான் என்று தெரிந்துகொண்டால் போதும்.

கடைக்காரன் பிள்ளை

ஏழாம் மாசம் ஆரம்பித்தது. எச்சில் வடிந்தது, காய்ச்சல் வந்தது, வயிறு போனது, போதாததற்கு அழுகை. பதினோராம் மாசம் ஆகியும் ஈறு வீங்கியதுதான் மிச்சம், ஒரு பல்லைக் காணோம் என்றாள் என் மனைவி வள்ளி. நான் கடுக்காயும் மாசிக்காயும் வசம்பும் உரைகல்லில் உரசித் தினமும் கொடுத்தேன். வள்ளி வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

எங்கள் வீடு கடைக்குப் பின்கட்டிலேயே இருந்தது. அழுகை நேரே கல்லாவுக்கு வரும். தளவாய்புரத்துச் சம்சாரி ஒருவர் தன் பிள்ளைக்குப் பல் மருந்து வாங்க வந்து, நான் பொட்டலம் கட்டுகிற வரை காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். உள்ளே அழுவது யார் என்று கேட்டார். என் பிள்ளைதான், பல் முளைக்கிறது, நாலு மாசமாக இதே மருந்துதான் கொடுக்கிறேன் என்று பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன். அவர் பொட்டலத்தை மெதுவாகத் திரும்ப வைத்தார்.

"உம்ம பிள்ளைக்கே கேக்காத மருந்து எம்பிள்ளைக்கு எப்படிய்யா கேக்கும்?"

தேன்காரர்

அவர் போன பிறகு எனக்குத் தேன் மேல் சந்தேகம் வந்தது. மருந்தைத் தேனில்தான் குழைத்துக் கொடுத்தேன். பிளவக்கல் பக்கத்து மலையடிவாரத்திலிருந்து தேன் கொண்டு வருகிறவரை அடுத்த முறை வந்ததும் உட்கார வைத்தேன். அவர் கண்ணெதிரே ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டேன். கரையாமல் அடியில் போய் உட்கார்ந்தது. திரியை அதில் நனைத்துக் கொளுத்தினேன், எரிந்தது. வெல்லப்பாகு கலந்திருந்தால் இப்படி எரியாது. எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

பல் கதையை அவரிடமும் சொன்னேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"சொட்டுத் தேனுக்கு இம்புட்டு சோதனை பண்ணுற ஆளு, பிள்ளை வாயை ஒருக்காவாச்சும் தொறந்து பாத்தீகளா?"

கேட்காத ஆள்

நான் பார்க்கவில்லை என்பது நிஜம். அழுகிற பிள்ளையின் வாய்க்குள் எட்டிப் பார்க்கிற தகப்பன் எந்த ஊரில் இருக்கிறான், சொல்லுங்கள். அப்படியே பார்க்கப் போனாலும் வள்ளி பிள்ளையைத் தோளில் சாய்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அந்தச் சமயம் வள்ளியின் தம்பி சுப்பையா பட்டாளத்திலிருந்து இரண்டு மாச லீவில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்திருந்தான். லீவு முடிந்ததும் கப்பலேற்றிச் சண்டைக்கு அனுப்பப்போகிறார்கள் என்று அவனே சொன்னான். எங்கே என்று அவனுக்கும் தெரியாது. வியாழக்கிழமைதோறும் நடந்தே வந்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பொழுது சாயும் வரை இருப்பான். ஊரில் எல்லாரும் "பல் வந்துருச்சா" என்று கேட்டார்கள், அவன் மட்டும் ஒரு நாளும் கேட்கவில்லை. இது எனக்கு உறுத்தியது. மருமகள் மேல் அக்கறை இல்லாத தாய்மாமன் உண்டா? ஒரு வியாழக்கிழமை நேராகவே கேட்டுவிட்டேன், பல்லைப் பற்றி உனக்கு ஒன்றும் கவலை இல்லையா மாப்ளே என்று. அவன் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தான்.

"வரும்போது வரட்டும் மச்சான், நமக்கு என்ன அவசரம்?"

ராவுத்தரும் வேரும்

அதிமதுரம் குறைய ஆரம்பித்தது இதே சமயத்தில்தான். டப்பாவில் இருந்த நல்ல தடித்த குச்சிகள் நாளுக்கு ஒன்றாகக் காணாமல் போயின. நான் சாப்பிடப் போகும்போது பக்கத்துக் கயிற்றுக்கடை ராவுத்தர்தான் என் கடையைப் பார்த்துக்கொள்வார். வேறு ஆள் கிடையாது. அரைச் சோற்றில் எழுந்து வந்து கதவு இடுக்கில் நின்று பார்த்தேன். அவர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். மறுநாளும் வெற்றிலைதான். மூன்றாம் நாள் அவர் திரும்பாமலே பேசினார்.

"அந்த இனிப்பு வேரைத் திருடித் தின்னு கொரலைத் தீட்டி, நான் எந்தக் கச்சேரியில பாடப்போறேன்? போய் உக்காந்து சாப்பிடுமய்யா!"

அழுகை நின்றது

பிறகு ஒரு நாள் அழுகை நின்றுவிட்டது. மறுநாளும் இல்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும், இல்லையா? நான்தான் மருந்துக் கடைக்காரன் ஆயிற்றே. செட்டியார்பட்டி வண்டிக்காரர் ஒருவர் அன்றைக்குத்தான் கடையில் நின்று, தன் வீட்டில் பிள்ளைக்குக் கடுகளவு அபின் கொடுப்பதாகவும் அது பெட்டிப் பாம்பாக அடங்கிக் கிடப்பதாகவும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அப்படி அடங்கிய பிள்ளைகளில் சில எழுந்திருக்கவே இல்லை என்பது எனக்குத் தெரியும். வள்ளி பாவம், நாலு மாசமாகத் தூக்கமில்லாதவள். அவளும் யாரிடமாவது வாங்கிக் கொடுத்திருந்தால்?

உள்ளே ஓடினேன். என்னைப் பார்த்ததும் வள்ளி முந்தானையால் பிள்ளையின் வாயை மூடினாள். அதைப் பிடுங்கிவிட்டு அபின் இருக்கிறதா என்று வாய்க்குள் விரலை விட்டேன். நறுக்கென்று கடி விழுந்தது. உள்ளே இருந்தது ஊறிய அதிமதுரக் குச்சி. கடித்ததோ மேல் ஈற்றில் அரிசி போல எட்டிப் பார்த்த இரண்டு பற்கள்.

மேல் பல் முதலில் வந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பது ஊரறிந்த பேச்சு. அதுவும் சண்டைக்குப் போகிற மாமன். கீழ்ப்பல்லும் வரட்டும், எல்லாம் சேர்ந்து வந்தது என்று சொல்லிக்கொள்ளலாம் என்று வள்ளி வாயைப் பொத்திக்கொண்டே இருந்திருக்கிறாள். கீழ் ஈறு வலித்துப் பிள்ளை அழ, கடைக் குச்சியை எடுத்துக் கடிக்கக் கொடுத்திருக்கிறாள். என் மருந்தெல்லாம் முருங்கை மரத்தடிக்குப் போயிருக்கிறது. என்னிடம்கூடச் சொல்லக்கூடாதா என்று கேட்டேன். அவள் அழுதுகொண்டே சொன்னாள்.

"உங்க வாயில ஒரு சேதி விழுந்தா சாயங்காலம் தளவாய்புரம் போயிரும். எந்தம்பி காதுக்குப் போகாம இருக்குமா?"

வழியனுப்பு

எனக்கு அந்தப் பேச்சில் நம்பிக்கை இல்லை. ஆனால் அன்றிலிருந்து நானும் கடையில் "இன்னும் முளைக்கலை" என்றே புளுகினேன். மருந்து வியாபாரம் படுத்தது. சுப்பையா புறப்படுகிற நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். ரயிலேற அவனைச் சாத்தூருக்குக் கொண்டுபோக மாட்டு வண்டி வாசலில் நின்றது.

சுப்பையா பிள்ளையை வாங்கி மேலே தூக்கினான். அது வாய் நிறையச் சிரித்தது. இரண்டு பல்லும் வெயிலில் பளிச்சென்று தெரிந்தன. வள்ளி சுவரைப் பிடித்துக்கொண்டாள். நான் வண்டி மாட்டைப் பற்றி ஏதோ உளறினேன். அவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வலது கை ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டினான்.

"லீவுல வந்த மொத வியாழக்கிழமையே என்னையக் கடிச்சுட்டா, அக்கா. மேப்பல்லுன்னு எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா என்னைய நெனச்சு நீ சோறு திங்க மாட்டேன்னுதான் நான் வாயைத் தொறக்கல. இனிமேயாச்சும் பிள்ளை வாயைப் பொத்தாதே, சிரிக்கட்டும்."

வண்டி திரும்பி மறையும் வரை நாங்கள் மூன்று பேரும் அழுதோம், பிள்ளை மட்டும் பல் வலிக்காக.

மூன்று வருஷம் கழித்து சுப்பையா ஒரு குறையும் இல்லாமல் திரும்பி வந்தான், பிள்ளைக்கு வாய் நிறையப் பல் இருக்கிறது, ஆனால் அதிமதுரம் மட்டும் இன்னும் குறைந்துகொண்டே வருகிறது, ராவுத்தர் மேல் எனக்கு லேசாகச் சந்தேகம்தான்.