தங்கராஜின் வேண்டுதல் ஓட்டம்

வேண்டிக்கொள்வதற்கு முன்னால் தங்கராஜ் ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம். ஆனால் தம்பி ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடக்கும்போது யார் உட்கார்ந்து விசாரித்துக்கொண்டிருப்பார்கள்? மொட்டை போடுகிறேன், தீ மிதிக்கிறேன், அலகு குத்திக்கொள்கிறேன் என்று மற்றவர்கள் வேண்டிக்கொள்வதைக் கேட்டே வளர்ந்தவர் அவர். அன்றைக்குப் பூனாவின் கட்கி மாரியம்மன் கோயிலில் நின்றபோது அவர் வாயில் வந்தது வேறொன்று.

"தாயே, என் தம்பி கண்ணத் தொறந்தா போதும். அவன் எந்தப் போட்டிக்குப் பேர் குடுத்திருந்தானோ, அத நான் முடிச்சுக் குடுக்கறேன்."

சத்தமாகவே சொன்னார். பக்கத்தில் கோயில் கமிட்டித் தலைவர் சுப்பையா நின்றிருந்தார். வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், எந்தக் காரியத்துக்கும் சாட்சியாக நிற்பதில் தனி ஆசை உள்ளவர். "அம்மன் கேட்டுட்டா தங்கராஜ்" என்று முதுகில் தட்டிக் கொடுத்தார். அவரும் கேட்டுவிட்டார் என்பதுதான் பின்னால் வினையாகப் போயிற்று.

தங்கராஜ் பிறந்தது வளர்ந்தது எல்லாம் பூனாவில்தான். ஆரணிப் பக்கத்திலிருந்து வந்து அதே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் அவருடைய அப்பா. தங்கராஜுக்கும் அங்கேயே லேத்தில் வேலை, ரேஞ்ச் ஹில்ஸில் குவார்ட்டர்ஸ். பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது தம்பி பாஸ்கர் நான்காம் வகுப்பு. பதினாலு வயது வித்தியாசம். பள்ளிக்கூடத்தில் அப்பா பெயர் எழுத வேண்டிய இடத்தில் மட்டும்தான் அப்பா இருந்தார். மற்ற எல்லா இடத்திலும் அண்ணன்தான். டிப்ளமோ முடித்து சாகண் தொழிற்பேட்டையில் வேலைக்குப் போன பிறகு பாஸ்கர் ஒரு கியர் சைக்கிள் வாங்கினான். கம்பெனிப் பையன்கள் நாலைந்து பேரோடு விடிவதற்கு முன்னால் கிளம்பிப் போவான். ஏதோ போட்டியாம், ஜனவரியில் நடக்கப் போகிறதாம். தங்கராஜ் அதற்கு மேல் கேட்டுக்கொள்ளவில்லை. மே மாதத்தில் ஒரு நாள் நாசிக் ரோட்டில் லாரி ஒன்று அவனைப் பின்னாலிருந்து அடித்துவிட்டுப் போயிற்று.

நாலாம் நாள் பாஸ்கர் கண்ணைத் திறந்தான். அதற்குள் இடது காலை முழங்காலுக்கு மேலே எடுத்திருந்தார்கள்.

கண் திறந்தால் வேண்டுதல் பலித்துவிட்டது என்று அர்த்தம். செய்தே ஆக வேண்டும். ஒரு மாதம் கழித்து, பார்க்க வந்த கம்பெனி நண்பன் ஒருவனை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போய் அது என்ன போட்டி என்று கேட்டார் தங்கராஜ். அவன் விரல் மடக்கிச் சொன்னான். முதலில் ஏரியில் நீச்சல், பிறகு சைக்கிள், கடைசியில் ஓட்டம். ஒன்றன்பின் ஒன்றாக, நடுவில் உட்காராமல். தங்கராஜ் அங்கேயே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சைக்கிள் பந்தயம் என்றல்லவா நினைத்திருந்தார்! தொட்டித் தண்ணீரில் குளிப்பதைத் தவிர தண்ணீரோடு அவருக்கு எந்தச் சகவாசமும் இல்லை.

நீச்சலை மட்டும் விட்டுவிட்டு மற்ற இரண்டையும் செய்யலாமா, அதற்குப் பதிலாக ஒரு கூழ் ஊற்றலாமா என்று சுப்பையாவிடம் போய்க் கேட்டார். சுப்பையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மொட்ட போடறேன்னு சொல்லிட்டு கிராப் வெட்டிக்கலாமா தங்கராஜ்? நீயே சொல்லு."

அத்தோடு பேச்சு முடிந்தது.

சாங்வியில் ஒரு நீச்சல் டேங்க் இருந்தது. வேலை விட்டதும் நேராக அங்கே போனார். சொல்லிக் கொடுத்த ஜாதவ் நல்ல மனிதர்தான், ஆனால் குரல் லவுட்ஸ்பீக்கர். "காகா, டோக்க பாண்யாத்! டோக்க பாண்யாத்!" என்று கரையில் நின்று கத்துவார். சித்தப்பா, தலையைத் தண்ணிக்குள் விடு என்கிறார். தலையை விட்டால் மூக்கு எரிகிறது, எடுத்தால் கால் அடியில் போகிறது. எட்டு வயதுப் பிள்ளைகள் தவளை மாதிரி சுற்றிப் போக, நாற்பத்து மூன்று வயது மனிதர் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை உதைத்துக்கொண்டிருந்தார். குடித்த தண்ணீர் ராத்திரி வரைக்கும் வயிற்றில் குளோரின் வாடை அடிக்கும். ஆனாலும் விடவில்லை. தீபாவளிக்குள் டேங்கின் அகலத்தைக் கடந்தார், அதற்குப் பிறகு நீளத்தை. சைக்கிளில் அவருக்குப் பயமில்லை. இருபது வருடமாகத் தொழிற்சாலைக்கு மிதித்த அட்லஸ் இருந்தது. அதன் கேரியரைக் கழற்றிப் போட்டதோடு அந்த ஏற்பாடு முடிந்தது. ஓட்டம் காலையில். முழங்கால் வீங்கி, மாடிப்படி இறங்கும்போது பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்கினார்.

காலையில் ஓட்டம், பகலில் தொழிற்சாலை, மாலையில் டேங்க். இதற்கிடையில் வீட்டில் பாஸ்கர் இருந்தான். அவனுடைய காயத்துக் கட்டுத் துணியை மாற்றுவது, காலைத் துடைப்பது, தாங்கிக்கொண்டு போய் பாத்ரூமில் விடுவது எல்லாம் அவர் மனைவி லீலா. மருந்து மாற்றுவது சாயங்காலம் ஆறு மணிக்கு. அந்த நேரத்தில் தங்கராஜ் எப்போதும் தண்ணீரில் இருப்பார்.

"அவன்கிட்ட விஷயத்தச் சொல்லிடுங்க" என்று லீலா பலமுறை சொல்லிப் பார்த்தாள். "நீங்க எங்க போறீங்கன்னு அவன் கேக்கறதில்ல. ஆனா கதவு சத்தம் கேட்டா முழிச்சுக்கறான்."

"முடிச்சிட்டு சொல்லிக்கலாம். சும்மா டென்ஷன் பண்ணாத."

போட்டிக்குப் பதினைந்து நாள் முன்னால் கோயிலில் அவருக்குக் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டினால் கறி மீன் கூடாது, ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அங்கே ஒரு சிக்கல் வந்தது. போட்டி நடக்கிற ஏரி மாநகராட்சி எல்லைக்கு வெளியே, முல்ஷி போகும் வழியில் இருந்தது. கமிட்டி கூடி இரண்டு மணி நேரம் பேசி, பூனா ஜில்லா முழுவதும் அம்மனுக்கு ஒரே ஊர்தான் என்று தீர்ப்புச் சொன்னது. அந்த உற்சாகத்தோடு நிறுத்தியிருக்கலாம். சுப்பையா ஒரு ஃபிளெக்ஸ் பேனரும் அடித்துவிட்டார்.

கட்கி பஜாரில், பஸ் ஸ்டாப்புக்கு எதிரே அது நின்றது. கைகூப்பிய தங்கராஜ் ஆள் உயரத்துக்கு இருந்தார். 'தம்பிக்காக வேண்டுதல் நிறைவேற்றும் பாசமிகு அண்ணன்' என்று தமிழில் எழுதியிருந்தது. கீழே, மூலையில், முட்டை வடிவத்தில் பாஸ்கரின் காலேஜ் போட்டோ. வெறுமையாக இருக்கிறதே என்று பேனர் கடைக்காரன் அதைச் சுற்றிப் பூ வைத்து அழகு பண்ணியிருந்தான்.

செயற்கைக் காலுக்கு அளவு கொடுக்க லீலா பாஸ்கரை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போன அன்றுதான் அது ஏறியிருந்தது. பேனருக்கு அடியில் பக்கத்து லைன் மரியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். "லட்சணமான புள்ள, இப்டி அல்பாயுசுல போய்ட்டியே" என்று புலம்பியவள், நெரிசலில் நின்ற ஆட்டோவுக்குள் அதே பிள்ளை உட்கார்ந்து தன்னைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, அலறி, கையிலிருந்த காய்ப் பையைப் போட்டுவிட்டாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். லீலாவுக்கும் ஒரு கணம் சிரிப்பு வந்தது. பாஸ்கர் சிரிக்கவில்லை. மேலே நிமிர்ந்து எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தமிழ் படிக்க நேரம் ஆகும். மற்றதை வழியில் லீலாவிடமே கேட்டுத் தெரிந்துகொண்டான்.

அன்று ராத்திரி தங்கராஜ் ஈரத் துண்டோடு வீட்டுக்குள் நுழைந்தபோது பாஸ்கர் கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

"யாரக் கேட்டு வேண்டினண்ணா?"

"உனக்காகத்தாண்டா" என்றார்.

"கண்ணத் தொறந்தா போதும்னு கேட்டியாமே. தொறந்தேன். பாத்தா கால் இல்ல." பாஸ்கர் சத்தம் போடவில்லை. "அது என் போட்டி. ஒரு வருஷம் சுத்தப் பைத்தியம் மாதிரி அதுக்காக ஓடினேன். இப்ப நீ அத ஓடறே. ஊரே உனக்குக் கை தட்டுது. நான் போட்டோவுல பூவுக்கு நடுவுல இருக்கேன்."

பேனரை மறுநாளே இறக்கச் செய்தார் தங்கராஜ். ஆனால் அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோயிற்று. பாஸ்கர் அண்ணன் இருக்கும் அறையில் சாப்பிடக்கூட மறுத்தான். போட்டியை விட்டுவிடுங்கள் என்று லீலா கெஞ்சினாள். தங்கராஜுக்கும் விட்டுவிட ஆசைதான். ஆனால் விட்டால் என்ன ஆகும்? கொடுத்தவளுக்குத் திருப்பி எடுத்துக்கொள்ளத் தெரியாதா? பாஸ்கருக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தால்கூட அவருக்குக் குலை நடுங்கிற்று.

"பேசாமயே இருக்கட்டும் லீலா. உயிரோட இருந்தா எனக்கு அது போதும்" என்றார்.

போட்டியன்று ஏரிக்கரையில் பனி மூட்டமாக இருந்தது. சுப்பையாவும் கமிட்டியில் இரண்டு பேரும் மாலையோடு வந்திருந்தார்கள். லீலா வரவில்லை. சுற்றிலும் பையன்கள் பளபளப்பான சைக்கிள்களைத் துடைத்துக்கொண்டிருக்க, அட்லஸைப் பார்த்து ஒருவன் புகைப்படம் எடுத்தான்.

டேங்க் வேறு, ஏரி வேறு என்பது இறங்கியதும் தெரிந்தது. அடி தெரியாத பச்சைத் தண்ணீர், பிடிக்கக் கம்பி இல்லை. பாதித் தூரத்தில் மூச்சு அடைத்துக் காவல் படகின் விளிம்பைப் பற்றிக்கொண்டு தொங்கினார். மேலே ஏறச் சொல்லிப் படகுக்காரன் கை நீட்டினான். தங்கராஜ் தலையை ஆட்டினார். பாஸ்கர் முகம் நினைவுக்கு வந்தது. கட்டிலில் உட்கார்ந்திருந்த முகம் அல்ல, ஆஸ்பத்திரியில் குழாயோடு கிடந்த முகம். கையை விட்டுவிட்டு மறுபடி உதைத்தார். கடைசி ஆளாகக் கரையேறி வாந்தி எடுத்தார். பிறகு ஈரத்தோடு அட்லஸில் ஏறினார். ஏற்றங்களில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார். எதிரே முடித்துவிட்டு வந்தவர்கள் "சலோ காகா, சலோ" என்று கத்திக்கொண்டு போனார்கள்.

சைக்கிளை முடித்துத் திரும்பியபோது வெள்ளைத் தொப்பிக்காரர் ஒருவர் குறுக்கே வந்து, நேரம் முடிந்துவிட்டது, நம்பரைக் கழற்றிக் கொடுங்கள் என்றார். சுப்பையா பாய்ந்து வந்தார். தேவிக்கு டைம் கிடையாது சாகேப் என்று இந்தியில் வாதாடினார். தொப்பிக்காரர் தங்கராஜின் நெஞ்சிலிருந்த நம்பரைத் தானே கழற்றிக்கொண்டார்.

"நம்பர் போனா போவட்டும். நீ ஓடு தங்கராஜ்! அம்மன் பாத்துக்குவா" என்றார் சுப்பையா.

தங்கராஜ் ஓடினார். ஓட்டம் என்று சொல்வது மரியாதைக்காக. வெயில் ஏறிவிட்டது. தண்ணீர் கொடுத்த மேசைகளை மடித்து டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். திரும்பும் இடத்தில் நின்றிருந்தவர்களும் போய்விட்டிருந்தார்கள். வெறும் ரோட்டில் தனியாகப் போய், அங்கே கிடந்த ஒரு கல்லைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தார். கடைசித் திருப்பம் தாண்டியதும் போட்டி முடியும் இடத்தின் துணி வளைவு தெரிந்தது. அதன் ஒரு காலை ஏற்கெனவே அவிழ்த்துவிட்டார்கள். மறு காலைச் சுப்பையா கையால் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

வளைவுக்கு இந்தப் பக்கம் ரோட்டோரத்தில் ஓர் ஆட்டோ நின்றது. லீலா இறங்கி நின்றாள். இரண்டு கக்கத்திலும் கட்டையை ஊன்றிக்கொண்டு பாஸ்கர் ரோட்டுக்கு நடுவில் வந்தான்.

"நில்லுண்ணா."

"இன்னும் கொஞ்சம்தாண்டா." தங்கராஜுக்கு மூச்சு இரைத்தது.

"தெரியும். அங்க போய்ட்டா உனக்குத் தீந்துடும். சுப்பையா சார் மால போடுவாரு. நீ வீட்டுக்கு வந்து நிம்மதியா தூங்குவ. எனக்கு எப்பண்ணா தீரும்?"

"முடிக்கலன்னா உனக்கு எதனா ஆயிடும்டா. உனக்குத் தெரியாது."

"எனக்கும் பயமாத்தாண்ணா இருக்கு. எட்டு மாசமா நான் தனியாவே பயந்துட்டு இருக்கேன். நீ ஓடிட்டே இருக்க. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, இந்தக் கால நீ பாத்திருக்கியா?"

தங்கராஜ் பார்த்ததில்லை. கட்டுப் பிரித்தபோது வராந்தாவில் இருந்தார். தையல் பிரித்தபோது மருந்துக் கடையில் இருந்தார். வீட்டுக்கு வந்த பிறகு டேங்கில் இருந்தார். அவர் நடை பழக்கிவிட்ட கால் அது. கையைப் பிடித்துக்கொண்டு ஸ்கூலுக்குக் கூட்டிப் போன கால். அது இல்லாத இடத்தைப் பார்க்கிற தைரியம் அவருக்கு இல்லை. ஏரியில் குதிக்கிற தைரியம் இருந்தது, அதற்கு இல்லை. இதை லீலா அறிந்திருந்தாள். பாஸ்கரும் அறிந்திருந்தான். தனக்கு மட்டும் இந்த ஓட்டம் வேண்டுதலாகவே தெரிந்திருக்கிறது என்று நினைத்தபோது அவருக்கு வெட்கம் தாங்கவில்லை.

"தங்கராஜ், வா! பத்தடிதான்!" சுப்பையா வளைவைப் பிடித்தபடி கத்தினார். "பாதியில வுட்டா குத்தம் ஆயிடும்!"

குற்றம் ஆகும் என்று தங்கராஜும் நம்பினார். இனி ஒவ்வொரு காய்ச்சலுக்கும், ஒவ்வொரு இருமலுக்கும் அந்தப் பயம் வரும் என்றும் அவருக்குத் தெரிந்தது. வளைவை ஒரு தடவை பார்த்தார். பிறகு ரோட்டிலேயே உட்கார்ந்தார்.

பாஸ்கரின் மடித்துக் குத்திய பேன்ட் அவர் முகத்துக்கு நேரே இருந்தது. பின்னைக் கழற்றித் துணியை மெல்ல மேலே சுருட்டினார். தைத்த தழும்பு சிவப்பாக, இன்னும் ஆறாத இடத்தில் ஈரமாக இருந்தது. அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை.

"வலிக்குதாடா?" என்று கேட்டார்.

பாஸ்கர் ஒரு பக்கக் கட்டையை விட்டுவிட்டு அந்தக் கையால் அண்ணன் தலையைப் பிடித்துக்கொண்டான்.

"ரொம்ப வலிக்குதுண்ணா" என்றான்.