கயிறு விற்கிறவன் கயிற்றில் இறங்கினேன்

இன்று காலை பழையசீவரம் பக்கத்தில் அறுபதடிப் பாறையிலிருந்து கயிற்றில் இறங்கினேன். வாழ்க்கையில் முதல் தடவை!

உத்திரமேரூர் பஜாரில் இருபது வருஷமாகக் கயிறு விற்கிறேன். "யானையையே கட்டலாம்" என்று சொல்லித்தான் வியாபாரம்.

இந்தக் கயிற்றையும் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். முதல்தரச் சரக்கு. ஆனால் விளிம்பில் நின்றதும் கை பாறையை விடவே இல்லை.

"கயித்த நம்பி பின்னால சாயுங்க சார்" என்றது பயிற்சி தருகிற பொண்ணு.

கீழேயிருந்து என் வீட்டுக்காரி கத்தினாள்: "இன்னாங்க, கடையில சொல்றதெல்லாம் பொய்யா?"

மானம் போகுதே என்று சாய்ந்தேன். தாங்கிடுச்சு! பாதி வழியில் நானே சிரித்துக்கொண்டு குதிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு அவளும் இறங்குகிறாளாம். பேசி முடித்தாயிற்று: நான் கீழே நின்று வாயே திறக்கக் கூடாது.