உஷார் பெட்டி விற்ற கதை

பயத்தைப் போக்கும் சாமான் ஒன்றை விற்கக் கிளம்புகிறவன், ஊரில் உள்ள அத்தனை பேரின் பயத்தையும் தன் தலையில் ஏற்றிக்கொண்டுதான் வீடு திரும்புகிறான். இந்தத் தொழிலில் நான் கண்ட லாபம் அது ஒன்றுதான். வீட்டு ஆளைக் காலையில் வண்டி ஏற்றி அனுப்பிவிட்டு, போய்ச் சேர்ந்த செய்தி வரும்வரை இட்லி தொண்டையில் இறங்காமல் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவரா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே ரகம். மேலே படியுங்கள்.

இரண்டு காது

நாற்கரச் சாலை போட்டுக்கொண்டிருந்த வருடங்கள் அவை. வேலூரில் எனக்கு ஸ்டெபிலைசர், யூபிஎஸ் ரிப்பேர் கடை. வீடு பள்ளிகொண்டாவில், அம்மாவோடு. தங்கை கிருபா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தாள். கம்பெனி வேன் காலையில் வந்து அவளையும் வழியில் உள்ள மற்றப் பெண்களையும் அள்ளிக்கொண்டு போகும். ஒருநாள் ஆம்பூரில் ஒரு ஸ்டெபிலைசரைக் கொடுக்க வேண்டியிருந்தது. கிருபா டிரைவரிடம் கேட்டு எனக்கும் வேனில் ஓர் இடம் பிடித்துக் கொடுத்தாள். அன்றோடு என் தூக்கம் போனது.

டிரைவர் முனிரத்தினம் நல்ல மனுஷன். ஆனால் பள்ளிகொண்டாவைத் தாண்டியதுமே செல்போன் காதுக்கு ஏறிவிட்டது. மச்சானுக்குப் பெண் பார்க்கும் விவகாரம். பெண் வீட்டாரின் குணம் ஒரு கையில், எங்கள் உயிர் மற்றொரு கையில். மாதனூருக்கு முன்னால் சாலையைத் தோண்டிப்போட்டு, ஒரே பாதையில் இரண்டு பக்கத்து வண்டிகளையும் விட்டிருந்தார்கள். எதிரே ஒரு லாரி எங்கள் மூக்குக்கு நேராக வருகிறது. பெண்கள் யாரும் அதைப் பார்க்கக்கூட இல்லை, பூ தொடுத்துக்கொண்டும் தூங்கிக்கொண்டும் இருக்கிறார்கள். நான் ஸ்டெபிலைசரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தினேன். முனிரத்தினம் ஒரு கையாலேயே வேனை ஒடித்து, மண்ணில் இறக்கி, மறுபடியும் சாலையில் ஏற்றினார். போன் மட்டும் காதைவிட்டு நகரவில்லை. பெண் வீட்டாரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இன்னாத்துக்கு சார் கத்தற? எனக்கு ரெண்டு காது இருக்குது. ஒண்ணுதானே போன்ல இருக்குது."

யாருப்பா வாங்குவாங்க?

செல்போனில் பேச்சு ஓடும்போது பக்கத்திலிருக்கும் ரேடியோ 'டிடிட் டிடிட்' என்று இரையுமே, அந்த இரைச்சலைப் பிடித்துக்கொள்ளும் சின்ன சர்க்யூட் ஒன்றைச் செய்தேன். என்ஜின் ஓடும்போது ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு முழ தூரத்துக்குள் போன் பேசினால் பெட்டி அலறும். வண்டியை ஓரங்கட்டிச் சாவியைத் திருப்பினால்தான் வாயை மூடும். மேல்விஷாரத்து ரஃபி என் பாலிடெக்னிக் தோஸ்த். அவன்தான் கூட்டாளியாகச் சேர்ந்து, 'உஷார்' என்று அதற்குப் பெயரும் வைத்தான். எனக்கு வேண்டியிருந்தது கிருபாவின் வேனுக்கு ஒரு பெட்டி. ரஃபிக்கு வேண்டியிருந்தது தென்னிந்தியா முழுக்க டீலர்கள். ஆகவே ஆடிட்டரைப் பிடித்து, வண்ண வண்ணமாய்ப் படம் போட்ட திட்ட அறிக்கை ஒன்றைத் தயார் செய்து வங்கிக்குப் போனோம்.

மேனேஜர் அறிக்கையைப் பொறுமையாகப் படித்தார். நடுவில் நான் அந்த மாதனூர் லாரியைப் பற்றிச் சொன்னேன். அவருக்கும் கொஞ்சம் கலக்கமாகத்தான் இருந்திருக்க வேண்டும், காலேஜுக்கு பைக்கில் போகும் தன் மகனைப் பற்றி அவராகவே பேச ஆரம்பித்தார். பேசி முடித்துவிட்டு அறிக்கையை மூடி எங்கள் பக்கம் தள்ளினார்.

"வண்டி ஓட்டறவனுக்கு பயம் கிடையாது. பயப்படறவன் கையில சாவி கிடையாது. இத யாருப்பா வாங்குவாங்க?"

சாச்சாவின் கார்

அறிக்கையைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தோம். ரஃபி மட்டும் அசரவில்லை. தோல் தொழிற்சாலை வைத்திருந்த அவன் சாச்சா, அதாவது சித்தப்பா, ஒரு பெட்டியைத் தன் காரில் மாட்டிக்கொள்ளச் சம்மதித்தார். மாட்டி முடித்து, வெள்ளோட்டமாக ராணிப்பேட்டை வரை போகலாம் என்று கிளம்பினோம். சாச்சா ஓட்ட, நான் பக்கத்தில், ரஃபி பின்னால்.

வழியில் சாச்சாவுக்குக் கான்பூரிலிருந்து போன் வந்தது. எடுத்து சலாம் சொன்னார். பெட்டி அலறியது பாருங்கள், நான் செய்த பெட்டிதான், எனக்கே குலை நடுங்கிவிட்டது. சாச்சா இரண்டு கையையும் ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்துக் காதைப் பொத்திக்கொண்டு, பிரேக்கின் மேல் ஏறி நின்றார். பின்னால் பதனிடாத பச்சைத் தோல் ஏற்றி வந்த லாரி கிறீச்சிட்டு, எங்கள் டிக்கிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. உப்பும் தோலும் கலந்த நாற்றம் காருக்குள் வந்து நிறைந்தது. கீழே கிடந்த போனில் கான்பூர்க்காரர் மட்டும் பேசிக்கொண்டே இருந்தார். அந்த இரவே பெட்டியின் சத்தத்தை மெதுவாக ஆரம்பித்துப் படிப்படியாக ஏறும்படி மாற்றினேன். சாச்சா அதைத் திரும்ப மாட்ட ஒப்புக்கொள்ளவில்லை.

"போன் பேசிக்கினே இருபது வருஷமா வண்டி ஓட்டறேன் பேட்டா, ஒண்ணும் ஆவல. உன் பொட்டிதான் இன்னிக்கி என்ன மவுத் ஆக்கியிருக்கும்."

செல்போன் வந்து இருபது வருஷம் ஆகவில்லை என்பதைச் சொல்லும் நிலையில் நான் இல்லை.

அரை நாள்

கடைசியில் எங்களுக்குக் கை கொடுத்தவர்கள் வெளிநாட்டுக்காரர்கள். ஷூ வாங்கும் கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்து தொழிற்சாலையைச் சுற்றிப் பார்ப்பார்கள். அவர்கள் வருகிறார்கள் என்றால் தீயணைப்புச் சிலிண்டருக்குப் புது பெயின்ட், முதலுதவிப் பெட்டிக்குள் புதுப் பஞ்சு எல்லாம் வந்துவிடும். இந்த முறை தொழிலாளர்களின் வேன்களையும் பார்ப்பார்களாம். போக்குவரத்துப் பொறுப்பாளர் எல்லா வேன்களுக்கும் உஷார் பெட்டி கேட்டார். கிருபாவின் வேனில் நானே என் கையால் மாட்டினேன். அன்று இரவுதான் பல மாதங்களுக்குப் பிறகு நிம்மதியாகப் படுத்தேன்.

வெளிநாட்டுக்காரர்கள் பாராட்டிவிட்டுப் போனார்கள். கொஞ்ச நாளில் பெட்டியின் சத்தம் எப்படி இருக்கிறது என்று கிருபாவிடம் கேட்டேன். அவள் மழுப்பினாள். மறுநாள் வேன் வந்து நின்றதும் ஏறிப் பார்த்தேன். பெட்டியின் வாய்க்குள் ஷூவுக்கு உள்ளே வைக்கும் ஃபோம் துண்டுகளைத் திணித்து, அதன்மேல் லைனிங் தோலை வைத்து, சொல்யூஷன் தடவி ஒட்டியிருந்தார்கள். ஒரு சுருக்கம் கிடையாது. ஏற்றுமதித் தரம். முனிரத்தினம் செய்த வேலை இல்லை இது, கைத்தொழில் தெரிந்தவர்கள் செய்தது. சாகவா போகிறீர்கள் என்று பெண்களைப் பார்த்துக் கேட்டேன். பாத்திமா அக்கா என்று ஒருவர், அந்தப் பிரிவிலேயே மூத்தவர், என்னை உட்காரச் சொல்லி விளக்கினார். சாலை வேலையால் வேன் தினமும் பிந்துகிறது. கம்பெனி கேட்டை நேரத்துக்கு மூடிவிடுவார்கள். ஆனால் வந்துகொண்டிருக்கிறோம் என்று டிரைவர் வழியிலிருந்து போன் செய்துவிட்டால் செக்யூரிட்டி கொஞ்சம் காத்திருப்பார். அந்தச் சலுகையை வாங்கவே இந்தப் பெண்கள் பல நாள் மேலதிகாரிகளோடு சண்டை போட்டிருக்கிறார்கள்.

"லாரி வந்தா வரும், வராமயும் போவும் தம்பி. கேட்டு மூடிட்டா அரை நாள் ஆப்சென்ட் நிச்சயம்."

பொறுப்பாளரின் கவலை

கேட்டைத் திறந்து வைக்கச் சொல்லிப் பொறுப்பாளரிடம் நடையாய் நடந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் வேறொரு கம்பெனியின் வேன் இதே சாலையில் பள்ளத்தில் சாய்ந்துவிட்டது. நல்ல வேளை, யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அன்று முனிரத்தினத்தின் லைனும் கிடைக்காமல், எந்த வேன், யார் வீட்டுப் பெண் என்று மாலைவரை தெரியாமல் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமா? மறுநாள் நான் போனபோது பொறுப்பாளரே எழுந்து வந்தார். இனிமேல் வேன் எப்போது வந்தாலும் கேட் திறந்திருக்கும், டிரைவர்கள் ஓட்டும்போது போனைத் தொடக்கூடாது, பெட்டியிலிருக்கும் ஃபோமைப் பிடுங்கிவிடலாம் என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உங்களுக்கும் வீட்டில் பெண்பிள்ளைகள் இருப்பார்கள் போலிருக்கிறது என்றேன். மனுஷன் முகத்தைப் பார்த்தால் ராத்திரி தூங்கியதாகத் தெரியவில்லை.

"ஒரு வேன் கவுந்தா ஒரு லைனே காலி சார். ஷிப்மெண்ட் மாசத்துல அந்த மாதிரி தைக்கற கைங்கள நான் எங்க போய் புடிப்பேன்?"

எடுக்காத போன்

எல்லாம் ஒழுங்கானது. முனிரத்தினம் ஓட்டும்போது போனைத் தொடுவதில்லை. இங்கேதான் என் பாடு திண்டாட்டமானது. கிருபாவிடம் செல்போன் கிடையாது. காலையில் கடையைத் திறந்ததும் முனிரத்தினத்தின் நம்பருக்குப் போடுவேன், 'வந்துட்டோம் சார்' என்பார், அப்புறம்தான் எனக்கு டீ இறங்கும். இப்போது அவர் எடுப்பதில்லை. எடுக்கவில்லை என்றால் என் பெட்டி வேலை செய்கிறது என்று அர்த்தம். எடுக்கவில்லை என்றால் வேன் எங்காவது கவிழ்ந்து கிடக்கிறது என்றும் அர்த்தம். இரண்டுக்கும் ஒரே மணிதான் அடிக்கிறது. நான் என்ன செய்வேன், சொல்லுங்கள். திரும்பத் திரும்ப அடித்துப் பார்ப்பேன்.

மழை பெய்த ஒரு காலையில், மாதனூர் பக்கம் ஒரு வேன் விழுந்துவிட்டதாம் என்று டீக்கடையில் யாரோ பேசிக்கொண்டார்கள். போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும், மறுபடியும் போட்டேன். பிறகு போனைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்தேன். பள்ளிகொண்டாவைத் தாண்டியபோது கோழி ஏற்றிய ஒரு வேனைக் கிரேன் வைத்துத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். விழுந்தது அதுதான். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கலாம். மனசு கேட்கவில்லை. இன்னும் கொஞ்ச தூரம் போனேன்.

கிருபாவின் வேன் சாலையோரச் சேற்றில் ஒரு பக்கம் இறங்கி நின்றது. பக்கவாட்டுக் கண்ணாடி இருந்த இடத்தில் வெறும் கம்பி. பெண்கள் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு சரிவில் நின்றார்கள். கன்டெய்னர் லாரிகள் அவர்களை உரசாத குறையாகப் பறந்துகொண்டிருந்தன. பாத்திமா அக்காதான் கிருபாவைக் கையைப் பிடித்து என்னிடம் அழைத்து வந்தார். நடந்ததையும் அவரே சொன்னார். என் நம்பரிலிருந்து முதல் தடவை மணி அடித்தபோது முனிரத்தினம் தொடவில்லை. இரண்டாவது தடவையும் தொடவில்லை. விடாமல் அடிக்கவே, வீட்டில் ஏதோ நடந்துவிட்டது என்று கிருபா அழ ஆரம்பித்திருக்கிறாள். அவர் வேனை ஓரங்கட்டி, சட்டப்படி சாவியைத் திருப்பிவிட்டு எடுப்பதற்குள் மணி நின்றுவிட்டது. திரும்பக் கூப்பிட்டால் நான் எடுக்கவில்லை, பைக்கில் இருந்தேன். அதற்குள் சக்கரம் சேற்றில் புதைந்துவிட்டது. பின்னால் வந்த லாரி ஒன்று கண்ணாடியைத் தட்டிக்கொண்டு போயிருக்கிறது. கிருபா உட்கார்ந்திருந்தது அதற்கு ஒரு முழம் உள்ளே.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கை கால்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அவள் என் கையை விலக்கினாள்.

"எனக்கு ஒண்ணும் ஆவலண்ணா. நீ உட்ற மாதிரி இல்லன்னதும் அம்மா போய்ட்டாங்கன்னே நெனச்சிட்டேன். இனிமே பயமா இருந்தா ஜெபம் பண்ணு. போன் பண்ணாத."

ஓட்டுகிறவர்களின் போனை அடக்கப் பெட்டி விற்ற எங்கள் வியாபாரம் அந்த வருடமே படுத்துவிட்டாலும், கிருபா வேன் ஏறியதிலிருந்து இறங்கும்வரை என் செல்போனைப் பிடுங்கித் தன் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டும் வேலையை மட்டும் ரஃபி விடவில்லை, எங்கள் திட்டத்திலேயே பழுதில்லாமல் வேலை செய்த கருவி அந்த டிராயர் ஒன்றுதான்.