துருப்பும் துணிக் கிளிப்பும்

துணி காயப்போடும் பிளாஸ்டிக் கிளிப் காது மடலைக் கவ்வும்போது முதலில் வலிக்காது. சற்றுப் பொறுத்துத்தான் காது சூடாகும்... பிறகு அடுத்த ஆட்டம் ஜெயிக்கும்வரை வேறு நினைப்பே வராது.

சிங்கப்பூரில், எங்கள் ஈசூன் வீட்டில் ஞாயிறு மத்தியானங்களில் சீட்டாடித் தோற்ற கட்சிக்கு அதுதான் தண்டனை. காசு வைத்தால் எழுந்துவிடுவேன் என்று காதர் மாமா முதலிலேயே சொல்லிவிட்டார். அதனால் அடுப்படி ஜன்னலில் துணி காயும் மூங்கில் கழியிலிருந்து கிளிப்புகள் இறங்கி வந்தன.

ஆட்டத்தின் பெயர் இருபத்தெட்டு. எதிரெதிரே உட்காருபவர்கள் கூட்டாளிகள். அப்பாவும் அவருடைய அண்ணனான என் பெரியப்பாவும் ஒரு கட்சி. அம்மாவும், சிராங்கூன் ரோட்டில் துணிக்கடை வைத்திருந்த காதர் மாமாவும் மறு கட்சி. அப்போது ஜேசியில், அதாவது ஜூனியர் காலேஜில், படித்துக்கொண்டிருந்த நான் சோபாவில் புத்தகத்தோடு, படிப்பதாகப் பேர்.

போன நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்பலேறி வந்த கொள்ளுத்தாத்தாதான் இந்த ஆட்டத்தைக் கொண்டுவந்தார் என்பார்கள். ஆதாரம் கேட்டால் முறைப்பார்கள்.

ஆட்டத்துக்கென்று இருந்த சொற்கள் கொஞ்சம்தான். இத்தனை புள்ளி எடுப்பேன் என்று ஏலம் கூறுவது கேள்வி. மேலே கேட்க மனமில்லையா, பாஸ். கேள்வியில் ஜெயித்தவர் ரகசியமாகக் கவிழ்த்து வைப்பது துருப்பு. துருப்பால் மற்றவர் சீட்டை அடிப்பது வெட்டு. முதலில் இறங்கிய இனம் கையில் இருந்தும் வேறு இனத்தைப் போட்டால், அது கள்ளாட்டம்.

அப்பாவும் பெரியப்பாவும் தங்களுக்குள் பேசிக்கொண்டது இந்தச் சொற்களை மட்டும்தான்.

முன்பு இரண்டு குடும்பமும் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் ஒன்றாக இருந்தோம். அப்பா ஈசூனில் அரசாங்க அடுக்குமாடியில் ஒரு வீவக வீடு வாங்கித் தனியாக வந்ததைப் பெரியப்பா பொறுக்கவில்லை. பேச்சை நிறுத்திவிட்டார். ஆனால் ஞாயிறு தவறாமல் எம்ஆர்டி ரயிலேறி வந்துவிடுவார்.

"பதினெட்டு."

"பாஸ்."

"துருப்பைத் திற."

அவ்வளவுதான். சாப்பிடுகிறாயா என்று கேட்பதற்குக்கூட நடுவில் அம்மா வேண்டும். எனக்கு எரிச்சலாக இருக்கும். இதற்கு எதற்கு இவ்வளவு தூரம் வர வேண்டும்?

பிறகு அப்பாவுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை என்று முடிவானது. அதற்கு முந்தின ஞாயிறு, அம்மா அடுப்படியில் என்னிடம் சொன்னார்: "இன்னிக்காவது ஒங்க பெரியப்பா ஒரு வார்த்தை பேசிட்டுப் போகணும். அப்பாக்கு ஆப்பரேஷனைவிட அதுதான் கவலை."

அன்று அப்பா இருபத்திரண்டு கேட்டார்.

"என்னங்க, கேள்வி கேக்குறீங்களா, கனவு காணுறீங்களா?" என்றார் அம்மா.

காதர் மாமா இஸ்பேட் இறக்கினார். அப்பா ஆட்டின் போட்டார். இரண்டு சுற்று கழித்து அப்பாவே ஓர் இஸ்பேடை இறக்கினார். காதர் மாமா அதை விரலால் தொட்டார்.

"தம்பி... இது எங்கேருந்து வந்துச்சு லா?"

கள்ளாட்டம். நேற்று கற்றுக்கொண்டவர்கூடச் செய்யாத பிழை. அப்பா தன் கையிலிருந்த சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவை லேசாக ஆடிக்கொண்டிருந்தன.

எங்கள் வீட்டு விதி ஒன்று உண்டு. கள்ளாட்டம் ஆடியவரை அவருடைய கூட்டாளி அந்த இடத்திலேயே விட்டுவிட்டு எழுந்து போகலாம். யாரும் தடுக்கக் கூடாது. விதியைப் போட்டவரே பெரியப்பாதான். காதர் மாமா ஒருமுறை அவருக்குக் கூட்டாளியாக உட்கார்ந்து இதே பிழையைச் செய்தபோது, குடையைக்கூட எடுக்காமல் மழையில் இறங்கிப் போனவர்.

பெரியப்பா எழுந்தார்.



அவர் வாசலுக்குப் போகவில்லை. அடுப்படி ஜன்னலுக்குப் போய் இரண்டு கிளிப்புகளோடு திரும்பி வந்தார். ஒன்றைத் தன் வலது காதில் மாட்டிக்கொண்டார். தனக்கு உரியதை வாங்க அப்பா கையை நீட்டினார். பெரியப்பா அதைக் கொடுக்காமல் தன் இடது காதிலேயே மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"அண்ணே, கம்மல் ரொம்பப் பொருத்தமா இருக்கு," என்றார் காதர் மாமா.

"இரு, அடுத்த ஆட்டத்துல ஒனக்குப் போட்டு விடுறேன்."

அப்பா சிரித்துவிட்டார். டாக்டரிடம் போய் வந்த பிறகு அன்றுதான் சிரித்தார்.

"சிரிக்காம சீட்டைக் கலைடா," என்றார் பெரியப்பா. பிறகு மேசையைப் பார்த்தபடியே, "செவ்வாக்கெழம எத்தன மணிக்குப் போகணும்?"

"காலைல ஏழு."

"ம். நான் ஆறுக்கே வந்துடுறேன்."

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனார். வெகு நேரம் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை. அடுத்த கேள்வியைக் கேட்டார்கள். அப்பா பிழைத்து வந்த பிறகும் அவர்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை. சாப்பிடுகிறாயா என்று நேராகக் கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். அது போதும் என்று புரிய எனக்குச் சில வருடங்கள் ஆயின.

இப்போது நால்வரில் ஒருவரும் இல்லை. கிளமெண்டியில் இருக்கும் என் தம்பியும், பெர்த்தில் இருக்கும் பெரியப்பாவின் பிள்ளைகள் இருவரும், நானும் போனில் ஆடுகிறோம். அந்தக் காலம்தான் உசத்தி என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. ஆப் நேர்மையாகக் கலைக்கிறது. புள்ளியில் சண்டை இல்லை. காதும் பிழைத்தது.

ஒன்றுதான். இஸ்பேட் இறங்கியிருக்கும்போது கையில் இஸ்பேட் இருந்தால், மற்ற சீட்டெல்லாம் மங்கிவிடுகிறது. எத்தனை முறை தொட்டாலும் நகராது. கள்ளாட்டம் ஆடவே முடியாது.

யாருடைய கை நடுங்குகிறது என்றும் தெரியாது.

அதனால் ஆட்டம் முடிந்ததும் தம்பிக்கு போன் போட்டு விடுகிறேன்.

"என்னக்கா, இப்பத்தானே ஆடுனோம்?"

"சும்மாதான். சாப்பிட்டியா?"