டீச்சரின் யூகம் தோற்றது

மாணவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் ‘எப்படித்தெரியும் டீச்சர்’. யார் எதைச் சொன்னாலும் அவர் திருப்பிக் கேட்பது அதைத்தான். “உப்பு கம்மின்னு சொன்னாக்கூட ஆதாரம் கேப்பா” என்று அவர் கணவர் உறவுக்காரர்களிடம் அலுத்துக்கொள்வார். டீச்சர் பள்ளிக்கு வருமுன் மருந்துத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை செய்தவர். அங்கே ஒட்டிக்கொண்ட பழக்கம்.

ஒருநாள் தலைமையாசிரியர் ஒன்பதாம் வகுப்பில் தலையை நீட்டி, “கடைசி பெஞ்சுல உக்காந்தவன் உருப்பட்டதா சரித்திரமே இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனார்.

“சார் சொன்னது உண்மையான்னு எப்படிப் பாக்கறது?” என்றார் டீச்சர்.

“மார்க்கை எடுத்துப் பாத்தா போச்சு,” என்றாள் ஒருத்தி.

“படிக்காதவங்கதானே தேடிப்போய் பின்னாடி உக்கார்றோம்,” என்றான் கடைசி பெஞ்சுக்காரன். “குத்தம் பெஞ்சு மேலயா, எங்க மேலயா?”

டீச்சருக்கு முகம் மலர்ந்தது. சீட்டுக் குலுக்கி எல்லாரையும் இடம் மாற்றினார். வாராவாரம் கரும்பலகையில் கணக்குகளை எழுதிப் போட்டுச் சின்னத் தேர்வு. பிறகு மறுபடி குலுக்கல்.

முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் வித்தியாசமே தெரியவில்லை. ஆனால் சன்னலுக்கு எதிரே சுவரோரம் யார் உட்கார்ந்தாலும் சறுக்கினார்கள்.

“பக்கத்து வகுப்புச் சத்தம். அடிச்சுச் சொல்றேன்,” என்றார் டீச்சர்.

“எப்படித் தெரியும் டீச்சர்?” என்று வகுப்பே கேட்டது.

பக்கத்து வகுப்பு மைதானத்துக்குப் போன வேளைகளில் தேர்வு வைத்தார்கள். சுவரோரம் அப்போதும் சறுக்கியது.

“என் யூகம் மண்ணைக் கவ்விடுச்சு,” என்றார் டீச்சர், கொஞ்சமும் வருத்தமில்லாமல். “அடுத்தது யாரு?”

சுவரோரம் இருந்த பெண் எழுந்தாள். “இங்கேருந்து பாத்தா போர்டு மின்னுது டீச்சர். மூணா எட்டான்னே தெரியல.”

டீச்சர் அவள் இடத்தில் உட்கார்ந்து பார்த்தார். சன்னல் வெளிச்சம் பலகையில் பட்டுக் கண்ணைக் கூசச்செய்தது. சன்னலை அட்டையால் மறைத்து அடுத்த தேர்வை வைத்தார்கள். சுவரோரம் மற்றவர்களை எட்டிப் பிடித்தது. வகுப்பு துள்ளியது, டீச்சர் மசியவில்லை.

“கேள்வி சுலபமா இருந்திருக்கலாம். அட்டையை எடுத்துட்டும் பாப்போம்.”

எடுத்தார்கள், மதிப்பெண் சரிந்தது. மறுபடி மறைத்தார்கள், ஏறியது.

தலைமையாசிரியரிடம் போய் விளக்கியவன் கடைசி பெஞ்சுக்காரன்.

“ஆக, நான் சொன்னது தப்புங்கற.”

“எங்க டீச்சர் சொன்னதும் தப்புதான் சார்.”

அவர் சிரித்துவிட்டார். “சரி, எல்லா ரூமுக்கும் திரை போட்டுடலாம்.”

“அவசரப்படாதீங்க சார். மத்த ரூம்லயும் மின்னுதான்னு பாத்துட்டு வர்றோம்.”

மற்ற அறைகளில் இரண்டில்தான் மின்னியது. ஒன்பதாம் வகுப்போடு அந்த இரண்டுக்கும் மட்டும் திரை வந்தது.