ஊசிக்கு முன் காப்பு இல்லை

மண்ணெண்ணெயும் மஞ்சளும் கலந்த நாற்றம் மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

எங்கள் ஆட்கள் கரும்பு வெட்டக் கப்பலேறி வந்த தீவு இது. வட்டுகோலாவிலிருந்து தவுவாவுக்கு இறங்கும் பாதையோரம் எங்கள் கரும்புக் காடு. பட்டாளம் ஆட்சியைப் பிடித்த வருஷம். டவுன் டாக்டர் நியூசிலாந்துக்கு ஓடிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் கனடாவுக்குப் போனார்கள். போகும்போது, "வீட்டைப் பிரிச்சு அம்மன் தீக்குழிக்குப் போட்டுக்குங்க, புண்ணியம்" என்றார்கள். புண்ணியம் அவர்களுக்கு, ஆணி எங்களுக்கு. தீமிதிக்குக் காப்புக் கட்டியவர்கள் செருப்புப் போடக் கூடாது. வெறுங்காலோடு பலகை சுமந்த அப்பாவின் உள்ளங்காலில் துருப்பிடித்த ஆணி ஒன்று முழுசாக இறங்கியது.

பிடுங்கிப் போட்டார். மண்ணெண்ணெய் ஊற்றி, மஞ்சள் அப்பி, அதற்கு மேல் சாணம் சுட்ட 'துண்ணூறை' அடைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினார். மருந்து என்று நினைத்து விஷத்துக்கு வீடு கட்டிக் கொடுத்தார்.

முந்தின வருஷம் கரும்புக் கத்தி காலில் பட்ட என் மாமாவுக்கும், அதாவது அம்மாவின் தம்பிக்கும், இதே வைத்தியம்தான் நடந்தது. தாடை பூட்டிக்கொண்டு, உடம்பு வில்லாக வளைந்து, கதவு சாத்தும் சத்தத்துக்கே துடித்துத் துடித்துச் செத்தார். ரண ஜன்னி. அவர் வாயில் தண்ணீர் விட அம்மா எவ்வளவோ பார்த்தாள், பல் திறக்கவில்லை.

அதனால் இந்த முறை அம்மா யாரையும் கேட்கவில்லை. துப்பாக்கியோடு பட்டாளத்துக்காரர்கள் மறித்து நின்ற பாதையில் தனியாக நடந்துபோய் நர்ஸைக் கூட்டிவந்தாள். அவள் 'காய்வீத்தி', இந்த மண்ணின் பூர்வீகக்காரி. பட்டாளமும் அவர்கள் ஆட்கள்தான் என்பதால், அந்த வருஷம் எங்கள் ஆட்கள் அவர்களைக் கண்டால் கதவைச் சாத்தினார்கள்.

அப்பா கையை நீட்டவில்லை. "காப்புக் கட்டின உடம்பு. ஊசி ஏறினா விரதம் கெட்டுடும். அதுவும் இவ கையாலயா?"

அம்மா வெடித்தாள். "கன்னத்துல இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் எடுக்கறீங்களே அலகு, அதுல கெடாத விரதம் இந்தத் துளியூண்டு ஊசியில கெடுமா? என் தம்பி போனது பத்தாதா?"

நர்ஸுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அம்மா தன் கன்னத்தில் விரலால் குத்திக் காட்டியது புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இந்தியில் கேட்டாள்: "நெருப்புல நடக்கிற அண்ணன் ஊசிக்கு அழுவாரா?"

அப்பா சிரிக்கவில்லை. சட்டைக் கையை மட்டும் மடித்தார்.

அவள் புண்ணைத் திறந்து, சாம்பல் போகத் தேய்த்துக் கழுவி, ஊசி போட்டாள். அடுத்த ஊசிக்கும் தவறாமல் வரச் சொன்னாள். பலகை சுமந்த மற்றவர்களையும் விடவில்லை. அதன்பிறகு தினமும் விடிந்ததும் அம்மா அப்பாவின் முன்னால் போய் நிற்பாள். "ஆ காட்டுங்க." அந்த முரட்டு மனுஷன் குழந்தைமாதிரி வாயைத் திறப்பார். அது திறந்த பிறகுதான் அம்மா அடுப்பு மூட்டுவாள்.

அந்த வருஷம் அப்பா தீ மிதிக்கவில்லை. அடுத்த வருஷம் மிதித்தார். "மொதல்ல ஊசி, அப்புறம் காப்பு" என்று வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டார்.

இப்போது நான் தலைநகர்ப் பக்கம் நசினுவில் இருக்கிறேன். அன்று குழியைச் சுற்றி நின்றவர்களில் பாதிப்பேர் நாட்டிலேயே இல்லை. தமிழும் என் பிள்ளைகள் வாயில் அரைகுறைதான். அதற்கெல்லாம் வருத்தம் உண்டு. ஆனால் ரண ஜன்னி என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. அது தொலைந்ததற்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன்.

இந்த வருஷம் காப்புக்கு முன் என் மகன் ஊசி போட்டுக்கொண்டு வந்தான். வாசலிலேயே நிறுத்தி, "ஆ காட்டு" என்றேன்.

ஏனென்று தெரியாமலே திறந்தான்.