நாலு தோள்

நேற்று கடலூரில் ஏதோ ஊர்வலம். ரோட்டில் போலீஸ் தடுப்பு. மையத்து வண்டி, இறந்தவரைக் கொண்டுபோகிற வண்டி ஒன்று வந்ததும் தடுப்பை நகர்த்தி வழி விட்டார்கள். கற்பூர வாசனை என் மேல் அடித்துவிட்டுப் போனது. நான் போலீசைப் பார்த்து ஓரமாக ஒதுங்கிக்கொண்டேன். இந்த வயதில் என்ன பயம் என்று கேட்பீர்கள். பழைய பயம்.

இந்தி வேண்டாமென்று பிள்ளைகள் கிளம்பிய வருஷம். சிதம்பரத்தில் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஊரில் தடை உத்தரவு. நாலு பேருக்கு மேல் சேர்ந்து போனால் அடி. எங்கள் கடைவாசலிலேயே ஒருத்தருக்கு மண்டை உடைந்தது. பஞ்சர் சொல்யூஷன் வாசனையோடு ரத்த வாசனையும் கலந்துவிட்டது. அப்புறம் அந்த டப்பாவைத் திறக்கவே பிடிக்கவில்லை. பிழைப்பே அதுதான், திறக்காமல் எப்படி.

மறுநாள் என்னைப் பெற்ற அத்தா மவுத்தாகிவிட்டார்.

எங்களில் மையத்தை மெதுவாகக் கொண்டுபோவதில்லை. எட்டி எட்டி வேக நடைதான். மையத்து வைத்த சந்தூக்குப் பெட்டியை நாலு பேர் தூக்க, பின்னால் வருகிறவர்கள் ஓடி ஓடி முன்னே வந்து தோள் மாற்றுவார்கள். வழியில் போகிறவரும் சேர்ந்துகொள்வார். அன்றைக்கு நாலு பேராகத்தான் கிளம்பினோம். "வராதீங்க மாமா, வராதீங்க" என்று பார்த்தவரையெல்லாம் கெஞ்சினேன். யார் கேட்டார்கள். கால் பழகிய பழக்கம். தெருமுனை திரும்புவதற்குள் பெரிய கூட்டமாகிவிட்டது.

திரும்பினால் போலீஸ் லாரி. அவர்கள் கண்ணுக்கு ஒரு கூட்டம் ஓடி வருகிறது. தடியை ஓங்கிவிட்டார்கள்.

அடி விழுந்தால் தாங்கலாம். தோள் நழுவி அத்தா ரோட்டில் விழுந்துவிட்டால்? பிடியை இறுக்கிக்கொண்டேன்.

"என்னடா கூட்டம்?" என்றார் ஏட்டு.

"மையத்துங்க ஐயா. எங்க மாமா" என்றார் அக்கா வீட்டுக்காரர். பின்னால் தூக்கிக்கொண்டிருந்தார்.

"நாலு பேரு தூக்கு. மீதி கலை."

"தூரம் ஜாஸ்திங்க. தோள் மாத்தணும்."

"நாலுன்னா நாலு."

எல்லோரும் சந்துகளில் கலைந்தார்கள். நாங்கள் நடந்தோம். மச்சான் பின்னாலிருந்து, "உசுரோட இருந்தப்ப போலீசைப் பாத்தா சந்துல பூந்துடுவாரு. இன்னிக்கு நேரா போறாரு பாரு" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தோள் மரத்துவிட்டது.

பெண்ணாடத்துக் கரும்பு விற்கிற ஆள் ஒருவர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்தார்.

"போங்க, அடிப்பாங்க" என்றேன்.

"நீ வெளிய போ தம்பி, நான் உள்ள வரேன். நாலு நாலுதான்."

வெளியே வந்தேன். கூட நடந்தால் ஐந்தாவது ஆளாகிவிடுவேன். எதிர்ப்பக்கம் போய், யாரோ மாதிரி தனியாக நடந்தேன். அத்தா அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். தெருவுக்குத் தெரு ஒருத்தர் உள்ளே போனார், ஒருத்தர் வெளியே வந்தார். பாதிப் பேர் எனக்குத் தெரியாதவர்கள். அடக்கம் பண்ணுகிற மையவாடிக்குப் போனால், கலைந்தவர்கள் எல்லோரும் முன்பே வந்து ஆளுக்கொரு மரத்தடியில் தள்ளித் தள்ளி நின்றிருந்தார்கள். அப்போதுதான் அழுதேன்.

நேற்று அந்த வண்டி சீக்கிரம் போய்விட்டது. ரோடு நிறைய ஆள். வண்டியோடு ஒருத்தரும் நடக்கவில்லை. வராதீங்க என்று யாரும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.